தும்மலுக்குப் பயந்த வீடு

அனுமந்தன்பட்டி இருதயம் பன்னிரண்டு வருஷமாக மூக்குப்பொடிக்குப் புகையிலை இடித்தவன். உலக்கை தூக்கித் தூக்கியே அடிவயிற்றின் வலப்பக்கம் குடல் இறங்கிவிட்டது. 1898 தை மாதக் கடைசியில், பெரியகுளத்துக்கு வந்திருந்த வெள்ளைக்கார டாக்டர் அதை அறுத்துத் தைத்தார். ஊசி போட்ட இடம் மட்டுமே மரத்துப்போனதால் இருதயத்துக்கு நினைவு தப்பவில்லை. கத்தரிக்கோல் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கிடந்தான். பொழுது சாய்ந்தபிறகு மரப்பு விட்டது, வலி வந்தது.

தையல் பிரித்து அனுப்பும்போது டாக்டர் சொன்னது கொஞ்சந்தான். முழங்காலுக்கடியில் துணிச்சுருள் வைத்துப் படுக்க வேண்டும். இருமினால் புண்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொள்ள வேண்டும். மூன்று மாதம் கனம் தூக்கக்கூடாது.

இருமலை அடக்க முடிந்தது. தும்மலை அடக்க முடியவில்லை. அவன் படுத்துவிட்டதால் மனைவி பாக்கியம் உலக்கையைக் கையில் எடுத்திருந்தாள். கொல்லைக் கொட்டகையில் இடித்து முடித்து, வாய்க்காலில் தலைமுழுகி, சேலை மாற்றிக்கொண்டுதான் வருவாள். படுத்தே கிடந்து பிடித்துக்கொண்ட அவன் இடுப்புக்குத் தவிட்டு ஒத்தடம் கொடுக்கக் குனிவாள். அப்படியும் தலைமுடியில் ஒட்டியிருக்கும் பொடி போதும். ஒரு தும்மல் வரும். கொக்கி மாட்டி அடிவயிற்றை இழுத்தது போலிருக்கும்.

வீடு வந்த ஐந்தாம் நாள் அவனுக்குப் பொறுக்கவில்லை.

“கிட்ட வராத! ஒன்னையப் பார்த்தாலே புண்ணு பதறுது. அங்கனயே நில்லு!”

பாக்கியம் ஒத்தடத் துணியைக் கீழே வைத்தாள். “இடுப்பு வலிக்குதுன்னீகளே...” என்று ஆரம்பித்தவள், அவன் முகத்தைப் பார்த்து வாசல்பக்கம் நகர்ந்தாள்.

அதன்பிறகு பக்கத்து வீட்டு பிலோமினாதான் கஞ்சி கொடுத்தாள், துணிச்சுருளைச் சரிசெய்தாள். பாக்கியம் கஞ்சியைக் காய்ச்சி வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுவாள். பாயையும் கொட்டகைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டாள். வலி குறையக் குறைய, உலக்கைச் சத்தம் எப்போது நிற்கும் என்று இருதயம் காது கொடுத்துக் கிடந்தான். நின்றும் அவள் வரவில்லை.

அறுத்து இரண்டு மாதம் ஆகி, ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் முடிகிற சமயத்தில் எழுந்து நடந்தான். தும்மினாலும் ஒரு சுருக்குத்தான். கொட்டகைக்குப் போனான். அவள் உள்ளங்கைகள் காப்புக் காய்த்திருந்தன. இரண்டு இடிக்கு ஒருதரம் நின்று மூச்சு வாங்கினாள்.

“எனக்கு ஆறிருச்சு. வீட்டுல வந்து படு பாக்கியம்.”

“இருக்கட்டும். இங்கனயே பழகிருச்சு.”

“அன்னைக்கு வலியில சொல்லிட்டேன்.”

“தெரியும்.”

அவன் உலக்கைக்குக் கை நீட்டினான். அவள் தரவில்லை. “டாக்டரு மூணு மாசம்னு சொன்னாக,” என்று சொல்லி, மறுபடி இடிக்கத் தொடங்கினாள். தூசி கிளம்பியது. தும்மல் வந்துவிடுமோ என்று அவனே இரண்டடி பின்னால் போனான்.