நான் குடித்த பினாயிலில் என்ன இருந்தது?

ஐம்பத்து மூன்று வயதில், சர்பத் என்று நினைத்து இன்று ஒரு மடக்கு பினாயில் குடித்துவிட்டேன். சர்பத் பாட்டிலில் அதை ஊற்றி வைத்தவனும் நானே.

சங்கராபுரம் டாக்டர் கேட்டது ஒரே கேள்வி: "அதுல என்னென்ன கலந்திருக்கு?"

தெருவில் மொபெட்டில் பினாயில் விற்கும் ஏழுமலைக்கு ஃபோன் போட்டேன்.

"ட்ரம்முல வருதுங்க. உள்ள இன்னா போடுறாங்கன்னு எனக்கு இன்னா தெரியும்?"

ஜெர்மனியில் இருக்கும் மச்சினன் வீடியோ காலில் வந்தான். "இங்க இந்த மாதிரி ஆபத்தான கலவைன்னா பாட்டில்லயே ஒரு நம்பர் இருக்கும் மாமா. எந்தெந்த நாட்டுல விக்கிறாங்களோ, அங்கல்லாம் உள்ள இருக்கறத கம்பெனி முன்னாடியே எழுதிக் குடுத்துடணும். விஷம் குடிச்சா என்ன பண்றதுன்னு சொல்ற மையத்துக்கு ஃபோன் பண்ணி நம்பரச் சொன்னா போதும், உள்ள என்ன இருக்குன்னு சொல்லிடுவாங்க."

தூக்கிவாரிப் போட்டது. என் பாட்டிலில் இருந்ததெல்லாம் எலுமிச்சம்பழப் படம்தான்.

"அந்தப் படத்தப் பாத்துதான் குடிச்சாரு டாக்டர்" என்று மனைவி போட்டுக் கொடுத்தாள்.

மறுபடி ஏழுமலையைக் கூப்பிட்டேன். "உயிர் போற விஷயம்ப்பா, தெரிஞ்சதச் சொல்லு."

குரலைத் தாழ்த்தினார். "பயப்படாதீங்க சார். உங்க தெருவுக்கு முக்காவாசி தண்ணிதான் ஊத்திகினு இருக்கேன்."

மாலையில் டாக்டர், ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார். ஏழுமலையிடம் சண்டை போடுவதா, மாலை போடுவதா? நீங்களே சொல்லுங்கள்.