ஊசிவால் வாத்துகள் இறங்கிய இடம்

நேற்று பாகூர் ஏரியில் வலசை வந்து இறங்கிய ஊசிவால் வாத்துகளை மறுபடி பார்க்க இன்று காலையும் போனேன். தண்ணீரில் ஒன்றுகூட இல்லை.

கரையில் பைக்கை நிறுத்தியிருந்த ஒருவர், நான் கறி வாங்க வந்தவள் என்று நினைத்துச் சாக்கைப் பிரித்துக் காட்டினார். உள்ளே அதே வாத்துகள், கால்கள் கட்டப்பட்டு.

"உயிரோட கீதுக்கா, எடுத்துக்கோ."

"இங்க இறங்கினது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இன்னாக்கா, யாரோ ஒரு அம்மா ஃபேஸ்புக்ல போட்டோ போட்டு, மதகுக்குப் பக்கத்துலன்னு எழுதிக்கீதே. நாங்களும் பாக்குறோம்ல?"

அந்த அம்மா நான்தான். அவிழ்த்து விடச் சொன்னேன். சிரித்துவிட்டு, சாக்கோடு வண்டியைக் கிளப்பினார்.

நேற்றைய பதிவை அழித்துவிட்டேன். இனி என் படங்களுக்குக் கீழே ‘எந்த இடம்?’ என்று யாரும் கேட்காதீர்கள். சாக்கோடு போனவரும் லைக் போட்டிருக்கக்கூடும்.