வெள்ளவத்தையின் நிரந்தரச் சாட்சி

தொண்ணூறுகளில் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு கல்யாண எழுத்து, அதாவது பதிவு, என்றால் மாப்பிள்ளை பிந்தி வரலாம், பெண்ணின் தகப்பன் வவுனியாச் சோதனைச் சாவடியில் கொழும்புக்கு வரப் பாஸ் கிடைக்காமல் நிற்கலாம். வேலுசாமி மட்டும் நேரத்துக்கு வந்துவிடுவார்.

கடற்கரைப் பக்கத்து லொட்ஜ் ஒன்றின் மனேஜர் அவர். ஊர் மலைநாட்டில் ஹட்டன் பக்கம். லொட்ஜ் முழுக்க வடக்கிலிருந்து வந்து விசாவுக்குக் காத்துக்கிடக்கிற பெண்கள். லண்டனிலிருந்தோ கனடாவிலிருந்தோ மாப்பிள்ளை இரண்டு கிழமை லீவில் பறந்து வருவார். முதலில் எழுத்து, விசா வந்த பிறகு தாலி. சட்டம் இரண்டு சாட்சி கேட்கும். மாமன் மச்சான்மாரெல்லாம் சண்டைக்கு அந்தப் பக்கம். லொட்ஜில் கைக்கெட்டின ஆள் வேலுசாமி.

"அண்ணே, ஒருக்கா வந்து கையெழுத்து வையுங்கோ."

உடனே கறுப்பு லோங்ஸ், முழுக்கைச் சட்டை, பொக்கற்றில் சொந்தப் பேனை. காசு தொடமாட்டார். கேக் துண்டு ஒன்றும் நெக்டோ சோடா ஒரு கிளாசும் போதும். பெண் வீட்டார் அவரை மாப்பிள்ளையின் சித்தப்பா என்றும், மாப்பிள்ளை வீட்டார் பெண்ணின் பெரியப்பா என்றும் நினைத்துக்கொண்டு ஆளுக்காள் கூடுதலாக உபசரிப்பார்கள். பெரிய இடத்து ஆட்கள் கைச்சாத்திட்ட ஒப்பந்தங்களெல்லாம் மை காய்வதற்குள் கிழிந்துபோன அந்தக் காலத்தில், வேலுசாமி கைச்சாத்திட்டவை பிள்ளை குட்டி பெற்று, அதுகளும் ரொறன்ரோவில் பள்ளிக்கூடம் போயின.

அவர் எழுதாமல் வைத்திருந்தது ஒன்றே ஒன்று.

நாகேஸ்வரி கிருலப்பனையில் வாடகை வீட்டில் இருந்து லொட்ஜுக்கு இடியப்பம் அவித்துக் கொடுப்பவள். ஷெல்லடியில் புருசனை இழந்து கொழும்புக்கு வந்தவள். வேலுசாமி இடியப்பத்தின் சுவையை விசாரிக்கப் போய், சொதியை விசாரித்து, கடைசியில் இராச்சாப்பாட்டுக்கே அங்கே போகிற ஆளாகிவிட்டார். அக்கம்பக்கம் வாயை மூடிக்கொண்டு சிரித்தது. எழுத்து எப்போது என்று அவள் கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்தான்.

"நாடு ஒரு நெலமைக்கு வரட்டும் நாகேஸு."

அரசாங்கம் இரண்டு மாறியது. பேச்சுவார்த்தை தொடங்கி முறிந்தது. நாடு ஒரு நிலைமைக்கும் வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பொலிஸ் செக்கிங் வந்தது. வீட்டில் இருக்கிற ஆட்களைப் பொலிசில் பதிந்து வைத்திருக்கவேண்டிய காலம். பதிவில் நாகேஸ்வரி ஒருத்திதான். சோற்றுக்கோப்பையில் கையோடு இருந்த வேலுசாமியைக் காட்டி, "மே கவுத?" என்றான் பொலிஸ்காரன். யார் இவர்?

நாகேஸ்வரி தன் அரைகுறைச் சிங்களத்தில் தேடிப் பார்த்தாள். அகப்பட்டது ஒன்றுதான். "கன்ன எனவா."

சாப்பிட வருகிறவர்! பொலிஸ்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்து முடித்து அவரை ஜீப்பில் ஏற்றினார்கள். பின்னேரம் அவளே ஸ்டேஷனுக்குப் போனாள். என்ன உறவு என்று அங்கேயும் கேட்டார்கள். பெண்சாதி என்று சொல்லக் கையில் கடதாசி இல்லை. பிறகு லொட்ஜ் முதலாளி வந்துதான் ஆளை மீட்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவள் யன்னலைப் பார்த்தபடி சொன்னாள்.

"இஞ்ச பாருங்கோ. வாற மாசம் முடியமுதல் எழுதவேணும். இல்லாட்டி நான் வத்தளைக்குத் தங்கச்சி வீட்ட போறன். இடியப்பத் தட்டும் என்னோட வரும்."

"அவசரப்படாத நாகே..."

"நாட்டைப் பற்றி ஒரு சொல் கதைச்சியளோ, இதிலயே இறங்கிப் போயிடுவன்."

வேலுசாமி பதிவாளரிடம் போய்க் கல்யாண நோட்டீஸ் கொடுத்தார்.

அடுத்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை, பதிவாளர் நவரத்தினத்தின் மாடி அறை. சாட்சிக்குத் துணிக்கடை ராசிக்கும் லொட்ஜ் சமையல்காரர் இராமரும். நாகேஸ்வரி நீலச் சேலையில். வேலுசாமி வழக்கமான கறுப்பு லோங்ஸில், முகம் மட்டும் வழக்கத்துக்கு மாறாக வேர்த்து வடிய.

"கெதியா வைங்க மச்சான், ஜும்ஆத் தொழுகைக்கு நேரமாகுது," என்றார் ராசிக்.

பதிவாளர் வாசிக்கவேண்டியதை வாசித்து, கேட்கவேண்டியதைக் கேட்டு, புத்தகத்தை அவர் பக்கம் திருப்பினார். வேலுசாமி பேனையைத் திறந்தார். கை ஒரு வினாடிகூட யோசிக்கவில்லை. நேரே கீழே இறங்கி, தினமும் போய்வருகிற வீட்டுக்குள் நுழைகிற மாதிரி, சாட்சிக்குரிய இடத்தில் போய் வாலும் சுழியுமாகக் கையெழுத்தை வைத்தது. வைத்துவிட்டுப் பேனையை மூடி, கேக் எங்கே என்று தேடுகிற முகத்தோடு நிமிர்ந்தார்.

"என்ன காணும் இது?" பதிவாளரின் கண்ணாடி மூக்கில் இறங்கியது. "உம்மட கலியாணத்துக்கு நீரே சாட்சியோ?"

இராமர் சிரிப்பை அடக்கப்போய் இருமினார். ராசிக் சுவரிலிருந்த கலண்டரை ஊன்றி வாசித்தார்.

நாகேஸ்வரி சிரிக்கவில்லை. கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

"பிழை இல்லை ஐயா. இவருக்குப் பழக்கம் அதுதானே, பக்கத்தில நிண்டு பார்க்கிறது. சாட்சி சரி. இனி மாப்பிள்ளை ஆரெண்டு கேட்டுச் சொல்லுங்கோ. நான் வத்தளை பஸ்ஸைப் பிடிக்கவேணும்."

"நாகேஸு..."

"ஆரெண்டு கேட்டனான்."

வேலுசாமி பதிவாளரைப் பார்த்தார், ராசிக்கைப் பார்த்தார். இரண்டு பேரும் உதவவில்லை. அவள் படிக்கட்டில் கால் வைத்துவிட்டாள்.

"நான்தான்!" என்று கத்தினார் வேலுசாமி. "நான்தான்யா மாப்பிள்ளை! எழுதுங்க! நாடு எக்கேடாவது கெட்டுப் போகட்டும்!"

கீழே ஒழுங்கையில் நின்ற ஆமிக்காரன் அண்ணாந்து பார்த்தானாம்.

நாகேஸ்வரி திரும்பி வந்து உட்கார்ந்தாள். மாப்பிள்ளைக்குரிய இடத்தில் வேலுசாமி கையெழுத்து வைத்தார். வாலும் இல்லை, சுழியும் இல்லை. முதல் நாள் பள்ளிக்கூடம் போன பிள்ளை எழுதியது போல ஆடிக்கொண்டு நின்றது. அவள் தன்னுடையதை ஒரே இழுப்பில் முடித்தாள்.

பதிவாளர் கீழேயிருந்த பிழையான கையெழுத்தைச் சிவப்பு மையால் வெட்டினார்.

"இந்த வெட்டுக்கு ஒரு சாட்சி சின்னக் கையெழுத்து வைக்கவேணும்," என்றார்.

வேலுசாமியின் கை தானாக நீண்டது. நாகேஸ்வரி அதன் மேல் பளீரென்று ஓர் அடி போட்டாள்.