மூன்றாம் ஓலை நின்றுபோன வாரம்

அம்மா எங்களை விட்டுப் போய் இன்றோடு ஓராண்டு நிறைகிறது. நினைவுப் பூசைக்கு வந்திருந்து இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்கள் எல்லாருக்கும் மூத்த மகளாகிய என் வணக்கம். கட்டுரை எழுத உட்கார்ந்தபோது தம்பிமார் இருவரும், "நல்லதா நாலு வரி எழுதுக்கா, வம்பு வேணாம்" என்றார்கள். நல்லதாகத்தான் எழுதுகிறேன். வம்பை விட்டுவிட்டு அம்மாவின் கதையை எழுத முடியாது என்றால் அது என் குற்றமா?

அம்மா பிறந்தது பர்மாவில், ஆற்றங்கரையில் நெல் ஆலைகள் இருந்த ஒரு சிற்றூரில். அந்த நாடு சுதந்திரம் பெற்ற வருடம் அது. தாத்தாவின் பூர்வீகம் புதுக்கோட்டைப் பக்கத்து அரிமளம். பிழைக்கப் போன இடத்தில் பர்மாக்காரப் பெண் ஒருவரை மணந்து, சிறிய மளிகைக் கடை வைத்துக் குடும்பம் நடத்தினார். அம்மாவுக்குப் பத்து வயதாகும்போது அவரைப் பெற்ற தாய் காய்ச்சலில் காலமாகிவிட்டார். அதே வீட்டில் அம்மாவோடு வளர்ந்த இன்னொருவர் தாத்தாவின் அக்காள் மகன். தாய் தகப்பன் இல்லாதவர், அம்மாவைவிட நான்கு வயது மூத்தவர். அம்மா அவரை மச்சான் என்று கூப்பிடுவார். முறைப்படி எங்களுக்குச் சித்தப்பா. இனி அப்படியே எழுதுகிறேன்.

கடைகளையெல்லாம் அந்த ஊர் அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு, நம் ஆட்கள் கப்பல் கப்பலாகத் திரும்பியது உங்களில் பலருக்குத் தெரியும். கப்பலுக்குப் பெயர் பதியப் போன இடத்தில், மகன், மகள், மருமகன் என்றால் ஒரே குடும்பம், அக்காள் மகன் என்றால் அவன் தனியாக வரட்டும் என்று சொல்லிவிட்டார்களாம். தனியாக என்றால் எந்தக் கப்பலில், எந்த வருடத்தில்? தாத்தா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "இவன் என் மக புருஷன், எழுதிக்கங்க" என்றார். அகதிக் கார்டில் அம்மாவும் சித்தப்பாவும் கணவன் மனைவி ஆனார்கள். இதைப் படித்து யாரும் முகம் சுளிக்க வேண்டாம். அந்தக் கப்பலில் வந்தவர்களில் பலர் இப்படித்தான் பக்கத்து வீட்டுப் பிள்ளையைத் தம்பி என்றும், சிநேகிதனை மருமகன் என்றும் எழுதிக்கொண்டு வந்தார்கள். ஒருவரையும் விட்டுவிட்டு வரக் கூடாது, அவ்வளவுதான்.

புதுக்கோட்டை அப்போது திருச்சி ஜில்லாவில் இருந்தது. அரிமளத்துச் சொந்தங்கள், "பர்மாக்காரி வயித்துப் புள்ளைய எந்தப் பந்தியில ஒக்கார வைக்கிறது?" என்று கேட்டுக் கதவைச் சாத்திவிட்டார்கள். அதனால் டவுனுக்கு வெளியே பொட்டலில் அகதிகளுக்குப் போட்ட கொட்டகைதான் கதி. பிறகு அங்கேயே வரிசையாக ஓட்டு வீடுகள் கட்டினார்கள். கார்டின்படி தாத்தாவுக்கு ஒரு வீடு, "தம்பதி"க்கு ஒரு வீடு. அம்மா தாத்தாவோடு இருந்தார். இரண்டாவது வீட்டில் சித்தப்பா தனியாக இருந்தார். ஒருவேளை சோறு கிடைத்தால் அதிர்ஷ்டம் என்றிருந்த அந்தக் காலனியில் யாரும் யாருடைய கார்டையும் நோண்டவில்லை.

அந்த வீடுகளைக் கட்ட வந்தவர்கள் ஆவூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த கொத்தனார்கள். அவர்களில் பெரியப்பா கொத்தனார், அப்பா அவருக்குக் கையாள். தலைமுறை தலைமுறையாக வேதக்காரர்கள், அதாவது கத்தோலிக்கக் கிறிஸ்தவர்கள். அம்மா பெரியப்பாவிடம் போய், "பின்னாடி செவுத்துல ஒரு ஜன்னல் வைங்கண்ணே, இல்லன்னா மூச்சு முட்டும்" என்று கேட்டாராம். "சர்க்கார் பிளான்ல இல்ல. பர்மாவுல என்ன, அரமனையிலயா இருந்தீக?" என்றார் பெரியப்பா. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா பூசைக்குப் போகாமல், கடப்பாரையோடு தனியாக வந்து சுவரை உடைத்து ஜன்னல் வைத்துக் கொடுத்துவிட்டார். எங்கள் குடும்பம் சுவர் இடித்து ஆரம்பமான குடும்பம் என்று அப்பா கடைசிவரை பெருமையடித்துக்கொள்வார்.

அம்மா கார்டு விஷயத்தை அப்பாவிடம் முதலிலேயே சொல்லிவிட்டார். "காகிதப் புருஷன்தான? மழையில நனைஞ்சா போயிருவாரு" என்று அப்பா சிரித்தாராம். இவர்கள் கல்யாணப் பேச்சு காதுக்கு எட்டியபோது பெரியப்பா சிரிக்கவில்லை. குலம் தெரியாத பர்மாக்காரி, சாமி வேற, சோறு வேற என்று அவர் குதித்ததும், இரண்டு பேரும் எங்காவது போய்விடலாமா என்று அப்பா கேட்டிருக்கிறார். அதற்கு அம்மா சொன்ன பதிலை அப்பா எங்களிடம் நூறு முறை சொல்லியிருப்பார்.

"ஓடியாந்தது போதும். கடலத் தாண்டி ஓடியாந்தாச்சு. இனிமே ஒங்க வீட்டுக்கு நடந்துதான் வருவேன், வாசப்படி வழியா, எல்லாரும் பாக்க."

அம்மா வாயால் சொல்லிவிட்டுச் சும்மா இருக்கிற ஆள் இல்லை. ஞானஸ்நானத்துக்கு மந்திரங்கள் மனப்பாடம் ஆக வேண்டும். அம்மாவுக்குத் தமிழ் பேசத் தெரியும், எழுத்துக் கூட்டத் தெரியாது. வேதம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் சொல்லச் சொல்ல, விசுவாசப் பிரமாணம் முழுவதையும் பர்மிய எழுத்தில் ஒரு நோட்டில் எழுதிவைத்துப் படித்தார். கன்னத்தில் பூசும் தனகாவை, அதுதான் பர்மாப் பெண்கள் பூசும் அந்த மரப்பட்டைக் குழம்பை, கழுவிவிட்டு வரச் சொன்னார் உபதேசியார். "சாமிய மாத்திக்கிறேங்கய்யா. மூஞ்சிய மாத்திக்க முடியாதுங்க" என்றாராம் அம்மா. நான்கே மாதத்தில் அத்தனையும் ஒப்பித்து ஞானஸ்நானம் வாங்கினார். பங்குச் சாமியாரே அசந்துபோனார்.

எங்கள் சபை வழக்கம் தெரியாத உறவினர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு, பூசையில் மணமக்கள் பெயரைச் சாமியார் வாசிப்பார். இதற்கு ஓலை வாசிப்பது என்று பெயர். இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்ல வேண்டும். முதல் ஓலை வாசித்தாயிற்று. ஒருவரும் வாய் திறக்கவில்லை. இரண்டாவது ஓலை வாசித்த அன்று, பூசை முடிந்ததும் பெரியப்பா நேரே சாமியாரிடம் போனார். வீட்டுச் சாவி கொடுத்த நாளில் அதிகாரி அம்மாவையும் சித்தப்பாவையும் தம்பதி என்று வாசித்தபோது அவர் அங்கேதான் நின்றிருந்தார். "அந்தப் பொண்ணு இன்னொருத்தன் பொண்டாட்டி சாமி. சர்க்கார் லிஸ்டுலயே இருக்கு" என்று சொல்லிவிட்டார்.

பெரியப்பா பிள்ளைகள் கோபித்துக்கொள்ள வேண்டாம். நடந்ததைத்தான் எழுதுகிறேன். பிற்காலத்தில் அவர் அம்மா கையால் சாப்பிட்டதையும், எங்கள் வீட்டுக்குக் கூலி வாங்காமல் சுவர் எழுப்பியதையும் நாங்கள் மறக்கவில்லை. அன்றைக்குச் செய்தது அநியாயம், அவ்வளவுதான்.

சாமியார் நல்லவர். ஆனால் அவர் கையும் கட்டப்பட்டிருந்தது. "சர்க்கார் காகிதத்துல இருக்கறத நான் எப்படிம்மா இல்லைங்கறது? அவங்களே இல்லைன்னு எழுதிக் குடுக்கட்டும், அடுத்த ஞாயிறு மூணாவது ஓலைய வாசிக்கறேன்" என்றார். ஒரு வாரம் இருந்தது.

தாத்தா தலையில் கை வைத்துக்கொண்டார். "கம்முனு இரு புள்ள. உள்ளதச் சொன்னா அவன் வீடு போயிரும். அவன் எங்க போவான்?" என்றார். அம்மாவை உலுக்கிய கேள்வி அதுதான். ஒரு பக்கம் அப்பா. இன்னொரு பக்கம், கூடவே வளர்ந்த மனிதரின் தலைக்கு மேல் இருந்த ஒரே கூரை. இரண்டு நாள் அம்மா சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் எழுந்து சித்தப்பா வீட்டுக்குப் போனார். சித்தப்பா அப்போது மூட்டை தூக்கிக்கொண்டிருந்த காலம். வேலை முடிந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"மச்சான், ஒன் வீடு போகப் போகுது. என்னாலதான் போகப் போகுது. எங்க வீட்டுக்கு வந்துரு. ஆனா நான் சொல்லாம இருக்க மாட்டேன்."

சித்தப்பா காலைத் துடைத்துக்கொண்டே, "நாளைக்கி எத்தன மணிக்குப் போகணும்?" என்று மட்டும் கேட்டாராம்.

மறுநாள் தாலுகா ஆபீசில் மூவரும் நின்றார்கள்: அம்மா, சித்தப்பா, தாத்தா. அப்பா வெளியே வேப்பமரத்தடியில். குமாஸ்தா கார்டைப் புரட்டிவிட்டு, "நீ யாரு பொண்டாட்டிம்மா?" என்று கேட்டார்.

"இதுவரைக்கும் யாரு பொண்டாட்டியும் இல்லைங்க. அதுக்குத்தான் வந்துருக்கேன்."

ஆபீஸே சிரித்தது. தாசில்தார் சிரிக்கவில்லை. பொய் சொல்லி வீடு வாங்கியது குற்றம் தெரியுமா என்று கேட்டார். "வீட்டுக்காகச் சொல்லலைங்க. இவுகள அங்கிட்டு விட்டுட்டு வர மனசில்லாம சொன்னது. அது தப்புன்னா தப்புன்னே எழுதிக்கங்க" என்றார் அம்மா. வயது பத்தொன்பது.

தாசில்தார் சித்தப்பா பக்கம் திரும்பினார். "நீ சொல்லுப்பா. இவ ஒன் சம்சாரம்னு ஒரு வார்த்த சொல்லு, இந்தக் காகிதத்த இப்படியே மூடிடறேன். வீடும் ஒனக்கு."

சித்தப்பா திரும்பி அம்மாவைப் பார்த்தார். கப்பலில் வந்த அத்தனை நாளும் அந்த ஒரு நிமிஷத்தைவிடச் சிறியது என்று அம்மா எங்களிடம் சொல்லியிருக்கிறார். பிறகு சித்தப்பா கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னார்: "இல்லைங்க. மாமன் மக. சம்சாரம் இல்லைங்க."

எழுதிக் கொடுத்தார்கள். வீட்டைத் திருப்பி எடுத்துக்கொள்ளவும் சேர்த்தே உத்தரவு எழுதினார்கள். சித்தப்பா அன்றைக்கே ஒரு தகரப் பெட்டியோடு தாத்தா வீட்டுக்கு வந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது ஓலை வாசித்தார்கள். அம்மா கன்னத்தில் தனகாவோடு கோயிலின் முன்வரிசையில் உட்கார்ந்து தன் பெயரைத் தானே கேட்டார். அடுத்த வாரம் கல்யாணம். அப்பா வீட்டு வாசற்படி வழியாகத்தான், பட்டப்பகலில், எல்லாரும் பார்க்க நடந்து போனார்.

மூன்றே மாதத்தில் அந்த வீட்டுக் குத்தல் பேச்சு தாங்காமல் அப்பாவும் அம்மாவும் காலனிக்கே வந்துவிட்டார்கள் என்பதையும் மறைக்கவில்லை. மணமேல்குடியிலிருந்து பஸ்ஸில் வரும் மீனை வாங்கி, வாழைத்தண்டு சேர்த்து மொய்ங்கா என்ற பர்மா மீன்குழம்பைக் காய்ச்சி, அம்மா தெருவில் வைத்து விற்றார். முதலில் மூக்கைப் பொத்திக்கொண்டு போனவர்களே பிறகு பாத்திரத்தோடு வரிசையில் நின்றார்கள். அந்தக் குழம்பில்தான் நாங்கள் மூவரும் படித்தோம். அப்பா சாரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்து கிடந்த இரண்டு வருடமும் அம்மா அடுப்பை அணையவிடவில்லை. அழுது நான் பார்த்ததில்லை, அப்பா இறந்த அன்று தவிர.

கடைசி மூன்று மாதம் அம்மாவுக்கு மூச்சுத் திணறல். அப்போது தூக்கம் பாராமல் வந்து பார்த்த டாக்டருக்கும், அவஸ்தைப் பூசுதல் கொடுத்த பங்குச் சாமியாருக்கும், ஆள் மாற்றி ஆள் கஞ்சி கொண்டுவந்த காலனிப் பெண்களுக்கும், அடக்கத்துக்கு வந்து நின்ற ஆவூர், அரிமளம் சொந்தங்கள் அனைவருக்கும் எங்கள் நன்றி. ஆமாம், அரிமளத்துக்காரர்களும் வந்தார்கள். பந்தியில் எல்லாரோடும்தான் உட்கார்ந்தார்கள்.

இன்னும் ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டும். சித்தப்பா கல்யாணமே செய்துகொள்ளவில்லை. எங்கள் வீட்டிலேயே இருந்தார், இருக்கிறார். எங்களைத் தோளில் தூக்கிப் பள்ளிக்கூடம் கொண்டுபோனவர், அப்பா படுத்திருந்தபோது அவரைக் குளிப்பாட்டியவர். ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்டால், "யாரு பொண்ணு குடுக்குறா?" என்று சிரித்து மழுப்புவார். இந்தக் கட்டுரையைப் போன வாரம் அவருக்கு வாசித்துக் காட்டினேன். தாசில்தார் கேட்ட இடம் வந்ததும், நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார்.

"ஆமான்னு சொல்லணும்னுதான் தாயி இருந்துச்சு. கார்டுல எழுதுன அன்னையிலேர்ந்து எனக்கு அது நெசந்தான். அவ மூஞ்சியப் பாத்தேன், சொல்ல முடியல." பிறகு, "இத எழுதிராத. அவ சங்கடப்படுவா" என்றார்.

சித்தப்பா, மன்னியுங்கள், எழுதிவிட்டேன். அம்மா எனக்குத் தாயாகவும் அப்பாவுக்கு மனைவியாகவும் ஆனது நீங்கள் சொன்ன அந்த ஒரு "இல்லைங்க"வால்தான். உங்களுக்கு நன்றி சொல்லாமல் இந்த மலரை அச்சுக்குக் கொடுக்க என்னால் முடியவில்லை.