பெரியம்மா பிடுங்கிய பிளக்

பிளக்கைப் பிடுங்கியது நீங்கள்தான், பெரியம்மா.

கை தவறிப் பட்டது இல்லை. காபி அண்டாவுக்கு பிளக் பாயின்ட் தேடியதும் இல்லை. லாண்டரி ரூமுக்குள் போனீர்கள். பிடுங்கினீர்கள். கதவைச் சாத்திவிட்டு வந்தீர்கள்.

நான் வழக்கமாக யாரைத் திட்டுவேன் என்று இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்குத் தெரியும். வீட்டு ரௌட்டரை எவர்சில்வர் டப்பாக்களுக்குப் பின்னால் ஒளித்து வைப்பவர்கள். அதன்மேல் எம்பிராய்டரி துணி போர்த்தி, அந்தத் துணிமேல் ஒரு தலையாட்டி பொம்மை வைப்பவர்கள். “பாவம், சூடா இருக்கு, ராத்திரியாவது ரெஸ்ட் எடுக்கட்டும்” என்று தினமும் அணைத்துப் போடுபவர்கள். எல்லாம் நம்ம ஆட்கள்தான். டெக்ஸாஸ் இர்விங்கில் வீடு, மளிகைக் கடை, டே கேர், பல் கிளினிக் என்று வைஃபை போட்டுக் கொடுத்துப் பிழைப்பவள் நான். அந்தத் தப்புகளால்தான் எனக்குச் சாப்பாடு.

இந்த வாரம் அது இல்லை. இது வேறு.

போன மாதம் கார்த்திகா கூப்பிட்டாள். பொள்ளாச்சிப் பெண். கணவன் பிரவீணுக்கு லாஸ் கோலினாஸில் ஆபீஸ். அவளுக்கு ஏழாவது மாதம், வீட்டிலேயே வளைகாப்பு. அப்பா இல்லை. அம்மாவுக்கு விசா கிடைக்கவில்லை. திரும்ப அப்ளை பண்ணியும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

“அக்கா, அம்மா டிவியில வருவாங்க. அன்னைக்கு மட்டும் அவங்க முகம் ஃப்ரீஸ் ஆகக் கூடாதுக்கா. வாய் பாதி தெறந்தபடி அப்படியே நின்னுடறாங்க. பார்த்தா எனக்கு அழுகையா வருது.”

“முதல் காப்பு யாரு போடறா?”

“அம்மாதான்.”

“டிவியில இருந்தா?”

“ஆமாக்கா. நான் கேமரா பக்கத்துல பிடிப்பேன், அவங்க அங்கேருந்து தொடுவாங்க. அப்புறம் நானே மாட்டிக்குவேன். அதுக்கப்புறம்தான் மத்தவங்க.”

இப்படி ஒரு வேலைக்கு இதற்குமுன் யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை. ஆபீஸ் மீட்டிங் கட்டாகிறது, பையன் கேம் நின்றுவிடுகிறது... இதுதான் கேட்டிருக்கிறேன். சரி என்றேன்.

அந்த வீட்டில் இன்டர்நெட் கம்பெனிக்காரன் தன் பெட்டியைப் படுக்கையறை அலமாரிக்குள் வைத்துவிட்டுப் போயிருந்தான். அதற்கும் ஹாலுக்கும் நடுவில் ஒரு கல் சுவர், ஒரு ஆளுயரக் கண்ணாடி. சிக்னல் ஹாலுக்கு வருவதற்குள் நொண்டிவிடும். நான் செய்தது சாதாரண வேலை. கடைகளுக்குப் போடுகிற அதே தரத்தில், சீலிங்குக்கும் கூரைக்கும் நடுவில் இருக்கிற பரண் வழியாக கேபிள் இழுத்து, ஹாலிலும் மாடியிலும் சீலிங்கில் வெள்ளைத் தட்டு மாதிரி ஒன்று பொருத்தினேன். அந்தத் தட்டுகள்தான் வீடு முழுக்க சிக்னலை அனுப்பும். எல்லாவற்றுக்கும் மின்சாரமும் இணைப்பும் லாண்டரி ரூம் ஷெல்ஃபில் வைத்த இரண்டு பெட்டிகளிலிருந்து. பிளக்குக்கு ஒரு கிளிப் போட்டு இறுக்கினேன். பக்கத்தில் தமிழில் எழுதி ஒட்டினேன்: ‘தயவுசெய்து தொடாதீர்கள்.’ ஆங்கிலத்தில் எழுதினால் நம் வீடுகளில் யாரும் மதிப்பதில்லை.

அந்தப் பரணுக்குள் ஏறியிருக்கிறீர்களா? டெக்ஸாஸ் வீடுகளில் அது தனி உலகம். சூட்டைத் தடுக்க வெள்ளைப் பஞ்சைக் கொட்டி நிரப்பியிருப்பார்கள். சின்ன ஜன்னல் வழியாக வெயில் சாய்வாக விழும். தூசி அந்த வெயிலில் மெதுவாக நீந்தும். மரச்சட்டத்தின்மேல் வயிறு படப் படுத்துக்கொண்டு கேபிளை இழுக்கும்போது, மேகத்துக்கு மேல் கிடக்கிற மாதிரி இருக்கும். வேர்வையில் நனைந்து, முகமெல்லாம் அரித்து... ஆனாலும் மேகம்தான்.

கீழே பேசுவதெல்லாம் மேலே கேட்கும். சீலிங்கில் நான் போட்ட ஓட்டை வழியாக உங்கள் குரல் வந்தது, பெரியம்மா. பிளெய்ன்ஸ்பரோவிலிருந்து விமானத்தில் அன்று காலைதான் வந்து இறங்கியிருந்தீர்கள். பிரவீணின் பெரியம்மா, அந்தக் குடும்பத்தில் உங்கள் வார்த்தைக்கு மறுவார்த்தை இல்லை என்பதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது.

“ஏன்டா பிரவீண், அந்தம்மா முகம்தான் மொதல்ல வரணுமா? நம்ம பக்கம் அப்படி வழக்கமில்லப்பா. சுமங்கலிங்க அஞ்சு பேர் போடட்டும். அப்புறமா டிவியப் போடு.”

“கார்த்திகா ஆசைப்படறா பெரியம்மா...”

“ஆசை எல்லாம் சரி. நாளைக்குப் புள்ளைக்கு ஏதாச்சும்னா?”

ஃப்ரிட்ஜ் திறக்கிற சத்தம் கேட்டது. நம் ஆண்கள் பதில் சொல்ல முடியாதபோது ஃப்ரிட்ஜைத் திறப்பார்கள்.

சாயங்காலம் வேலை முடிந்தது. எல்லோரும் பூ வாங்கவும் ஏர்போர்ட்டுக்கும் போய்விட்டார்கள். நீங்கள் மாடியில் தூங்கிக்கொண்டிருந்தீர்கள். நான் டேப்லெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றி நடந்தேன். சிக்னல் அளக்கிற நடை அது. வீட்டின் வரைபடம் திரையில் இருக்கும். நான் நிற்கிற இடத்தில் சிக்னல் நன்றாக இருந்தால் பச்சை, மோசமென்றால் சிவப்பு. நடக்க நடக்கப் பச்சை படரும்.

எனக்கு இந்தத் தொழிலில் பிடித்ததே இந்த நடைதான். நான் கனவு காண்கிற ரகம் இல்லை, இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்கே தெரியும். ஆனாலும் அந்த நேரத்தில் என்னவோ ஆகிவிடும். கண்ணுக்குத் தெரியாத ஒன்று அந்த வீடு முழுக்கத் தளும்பிக்கொண்டிருக்கிறது. படிக்கட்டில் இருக்கிறது, தொட்டில் வாங்கி வைத்திருக்கிற அறையில் இருக்கிறது, இன்னும் பிறக்காத குழந்தையின் மடித்த துணிகள்மேல் இருக்கிறது. அதற்குள் நான் செருப்பில்லாமல் நடக்கிறேன். எதுவும் நனையவில்லை. உலகத்தின் அந்தப் பக்கம் பொழுது விடிந்துகொண்டிருக்கும். அங்கே ஓர் அம்மா வாசலில் தண்ணீர் தெளிக்கிற சத்தம்கூட இந்தக் காற்றில் எங்கேயோ இருக்கும் போலிருந்தது.

கார்த்திகா திரும்பி வந்ததும் சோதித்துப் பார்த்தோம். டிவியில் அம்மா வந்தார்.

“ஏங்கண்ணு, என்ர மூஞ்சி அவ்ளோ பெருசாவா தெரியுது?”

“நல்லா இருக்கும்மா. தலைய மட்டும் சீவிக்க.”

“அந்த அக்காவக் காமி. ஏனுங்க, பக்கத்து ரூம்ல நிக்கறாப்பல இருக்குதுங்க. புண்ணியமாப் போகும்ங்க.”

மறுநாள் காலை ஹால் நிறையக் கூட்டம். ஏதாவது ஆனால் பார்க்க வேண்டும் என்று கார்த்திகா என்னையும் இருக்கச் சொல்லியிருந்தாள். ஒரு ஆன்ட்டி என் பேன்ட்டையும் இடுப்பில் தொங்கிய டூல் பையையும் பார்த்து, “நீங்க கேட்டரிங்காம்மா?” என்றார். இன்னொருவர் சீலிங் தட்டைப் புகை அலாரம் என்று நினைத்து, “சாம்பிராணி போட்டா அது கத்துமா?” என்றார். கத்தாது ஆன்ட்டி, போடுங்க.

கார்த்திகா மணையில் உட்கார்ந்தாள். வேப்பிலைக் காப்பு தாம்பாளத்தில் இருந்தது. டிவியில் அம்மா, புதுப் புடவை, கலைந்துவிடுமோ என்று தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொள்கிற தலைமுடி. பாட்டு ஆரம்பித்தது.

நீங்கள் லாண்டரி ரூமிலிருந்து வெளியே வருவதை அப்போதுதான் பார்த்தேன். திரும்பி டிவியைப் பார்த்தால்... அம்மா இல்லை. கறுப்புத் திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.

ஹால் முழுக்க ஐ.டி. ஆட்கள். ஆளுக்கொரு யோசனை. ஒருவர் தன் ஃபோனில் ஹாட்ஸ்பாட் போட்டு, டிவி ரிமோட்டில் பாஸ்வேர்டை ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். தப்பு. “கேப்பிட்டல் போடுப்பா!” மறுபடி தப்பு.

நான் லாண்டரி ரூமுக்கு ஓடினேன். பிளக் தரையில் கிடந்தது. பக்கத்து பாயின்ட் காலி. கிளிப்பைப் பதமாகக் கழற்றி வாஷிங் மெஷின் மேல் வைத்திருந்தீர்கள். விழுகிற பிளக் தன் கிளிப்பைத் தானே கழற்றி வைக்குமா?

மாட்டினேன். இங்கேதான் ஒரு சிக்கல். மலிவான பெட்டிகள் உடனே எழுந்துவிடும். நான் போடுகிறவை நிதானமானவை. முதலில் தாய்ப்பெட்டி எழும். பிறகு மின்சாரம் பிரித்துக் கொடுக்கிற பெட்டி. பிறகு சீலிங் தட்டுகள், ஒன்றன்பின் ஒன்றாக. அவசரப்படுத்தவே முடியாது.

ஹாலுக்கு வந்தேன். “நல்ல நேரம் போகுது. சுமங்கலிங்க ஆரம்பிங்கம்மா” என்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள். ஓர் அத்தை காப்பைக் கையில் எடுத்தார். கார்த்திகா இரண்டு கைகளையும் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள்.

“அம்மா வரட்டும்.”

“கண்ணு, நேரம்...”

“வரட்டும் அத்தை.”

அவ்வளவுதான் சொன்னாள். குரல் உயரவில்லை. அத்தை காப்பைத் தாம்பாளத்தில் வைத்தார். யாரோ பாட்டை மறுபடி முதலிலிருந்து எடுத்தார்கள்.

நான் சீலிங்கைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தட்டின் ஓரத்தில் சின்ன வெள்ளை விளக்கு மினுங்கியது, அணைந்தது, மினுங்கியது. சந்தன வாசனை. கண்ணாடி வளையல் அடுக்குகளில் வெயில் பட்டு, சுவரில் பச்சையும் சிவப்புமாகச் சில்லுகள் ஆடின. அந்தக் காத்திருப்பு எவ்வளவு நேரம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எல்லோரும் தண்ணீருக்கடியில் பாடுகிற மாதிரி இருந்தது. பிறகு விளக்கு நீலமாகி, நின்றது.

அம்மா வந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, மகளின் வெறுங்கையைத்தான் முதலில் பார்த்தார்.

“இன்னும் போடலியா கண்ணு?”

“நீ வரலியேம்மா.”

“நான் எதுக்குச் சாமி... அவுங்கெல்லாம் இருக்காங்கல்ல. பெரியவங்க ஆராச்சும் போடட்டும்.”

“நீ போடு.”

கார்த்திகா காப்பைக் கேமராவுக்கு முன்னால் நீட்டினாள். அந்த அம்மா தன் ஃபோனைத் தொடக் கையைக் கொண்டுவந்தார். எங்கே தொடுவது என்று தெரியவில்லை போல. உள்ளங்கையை அப்படியே கேமரா மேல் வைத்துவிட்டார்.

டிவி முழுக்க உள்ளங்கை. சுவர் அளவுக்கு. வெளிச்சம் பின்னாலிருந்து கசிந்து, விரல் இடுக்குகள் சிவந்து, ரேகைகள் மங்கலாக ஓடின. ஹாலில் யார் முகத்தைப் பார்த்தாலும் அந்தச் சிவப்பு. அந்த நிறத்துக்குள் உட்கார்ந்துகொண்டு கார்த்திகா காப்பை மாட்டிக்கொண்டாள்.

நான் அங்கேயே உங்களைக் கேட்டிருப்பேன், பெரியம்மா. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தேன். பிறகு சமையலறையில் தனியாகக் கேட்டதற்குத்தான் காபி அண்டா கதை சொன்னீர்கள். அண்டா சமையலறையில் கொதித்துக்கொண்டிருந்தது. பிரவீண் என்னை வாசல் வரை கொண்டுவிட்டு, “விட்டுடுங்கக்கா, பெரியவங்க” என்றான். விட்டும்விட்டேன்.

நீங்கள் விடவில்லை. ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் எழுதினீர்கள். விசேஷம் நன்றாக நடந்ததாம். வைஃபைதான் மகா மோசமாம். அதைப் போட்ட பெண்ணை யாரும் வேலைக்குக் கூப்பிட வேண்டாமாம். கார்த்திகா எனக்குக் காட்டினாள். போகட்டும். என் வேலை எப்படி என்று என் வாடிக்கையாளர்களுக்குத் தெரியும்.

ஆனால் அந்தக் குழுவில் கார்த்திகாவின் அம்மாவும் இருக்கிறார். இரண்டு நாள் கழித்து என்னைக் கூப்பிட்டார்.

“என்னால உங்களுக்குக் கெட்ட பேருங்க. நீங்க நல்லாத்தானுங்க போட்டிருந்தீங்க. நான் வந்து நின்ன நேரம் பாருங்க, அப்படியே நின்னு போச்சு. சாமி காமிச்சுருச்சுங்க.”

பிளக் பிடுங்கிக் கிடந்தது என்று சொன்னேன். நம்பவில்லை. கார்த்திகாவும் சொல்லியிருக்கிறாள். “அவ என்னையத் தேத்தறதுக்குச் சொல்றாளுங்க, நீங்களும் அதையேதான் சொல்றீங்க” என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

“கொழந்த பொறந்தா மொதல்ல அவுங்க எல்லாம் பாக்கட்டும். நான் ஒரு மாசம் கழிச்சுப் பாத்துக்கறனுங்க. எதுக்குங்க வம்பு...”

ஃபோனை வைத்த பிறகு வண்டியிலேயே உட்கார்ந்திருந்தேன். ஃப்ரீவே ஓரம், வானம் ஊதாவாகிக்கொண்டிருந்தது. எதிரில் வரிசையாக வீடுகள், ஒவ்வொரு ஜன்னலிலும் ஏதோ ஒரு திரையின் வெளிச்சம். எத்தனை வீட்டில் எத்தனை அம்மாக்கள் இப்போது வந்து போய்க்கொண்டிருப்பார்கள்... அவர்களில் ஒருவர், தன் முகம் பட்டாலே இணைப்பு அறுந்துவிடும் என்று நம்பிக்கொண்டு ஒதுங்கி நிற்கிறார்.

நான் சொல்லி அவர் நம்பப்போவதில்லை. மகள் சொல்லியும் நம்பவில்லை. நீங்கள் சொன்னால் நம்புவார். அதனால்தான், கார்த்திகாவின் சம்மதத்தோடு, இதை இங்கே எழுதுகிறேன்.

பதில் சொல்லுங்கள், பெரியம்மா. எனக்குத் தனியாக மெசேஜ் வேண்டாம். பிரவீண் மூலமாகத் தூதும் வேண்டாம். என்னைத் திட்டி எழுதினீர்களே, அதே குழுவில், அந்த அம்மாவும் படிக்கிற இடத்தில் எழுதுங்கள். ‘பிளக்கைப் பிடுங்கியது நான்.’ மூன்றே வார்த்தை. குழந்தை பிறப்பதற்குள்.

போய்ச் சேருமா என்று கவலைப்படாதீர்கள். சிக்னலுக்கு நான் பொறுப்பு.