உடைந்த ஸ்டட்டுக்கு ஒரு மெழுகுவர்த்தி

அப்பாவின் பழைய ஸ்கூட்டர் எஞ்சினைப் பருத்திப்பட்டு வீட்டு பால்கனியில் பிரித்துப் போட்டிருக்கிறோம். என் கணவர் ஸ்பேனரை வேகமாகத் திருப்பியதில் ஸ்டட் என்கிற மரையாணிகள் இரண்டு உடைந்து, அடித்துண்டுகள் எஞ்சினிலேயே மாட்டிக்கொண்டன.

"லேத்துல குடுத்துடலாம்பா. நாம தப்பு பண்ணா எஞ்சினே வீணாயிடும்" என்றார்.

குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் மூன்று முறை அளந்து பார்க்கிறவள் நான். எனக்கும் பயம்தான். ஆனாலும் கேஸ் டார்ச்சால் சூடாக்கி, மெழுகு உருகி மரைக்குள் இறங்கட்டும் என்று துண்டின் அடியில் மெழுகுவர்த்தியை வைத்தேன். மெழுகு உருகிய வாசத்தில் நான் வளர்ந்த மேனாம்பேடு வீட்டுச் சமையலறை நினைவில் வந்துவிட்டது.

அன்று பாடி ஃபேக்டரியில் ஷிப்ட் முடிந்து வந்த அப்பா, துண்டு மாட்டிய இதே எஞ்சினின் ஒரு பாதி உலோகக் கூட்டைச் சூடாக்க ஸ்டவ்மேல் ஏற்றியிருந்தார்.

"சோறு வைக்கிற அடுப்புல இன்னாய்யா பண்ணிகினு கீற? மெழுகுவர்த்தியையும் தீத்துட்டா, கரண்டு போனா இன்னா பண்றது?" என்றாள் அம்மா.

"ஒம் மூஞ்சி கீதே, அந்த வெளிச்சம் போதும்டி."

அம்மா சிரிக்கவில்லை. கரித்துணியால் கூட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அப்பா பிளையரால் துண்டைக் கவ்வி, முதலில் மயிரிழை அளவு இறுக்கினார். பிறகுதான் தளர்த்தினார். கிறீச்சென்றது. மறுபடி இறுக்கினார், மறுபடி தளர்த்தினார்.

இப்போது பால்கனியில் நானும் முதலில் இறுக்கினேன்.

"ஐயோ, எதிர்ப்பக்கம் திருப்புற!" என்று பதறினார் கணவர்.

"தெரிஞ்சுதான் திருப்புறேன். நீங்க ஆடாம புடிங்க."

அதே கிறீச். கொஞ்ச நேரத்தில் துண்டு முழுசாகக் கழன்று தட்டில் விழுந்தது. கணவர் குனிந்து பார்த்தார்.

"இன்னொண்ணு?"

"அந்த மெழுகுவர்த்திய இப்படிக் குடுங்க" என்றேன்.