அசையாதண்ணன் போடும் கிறிஸ்துமஸ் பாட்டு

"மணி அடிக்கிற பாட்டு வேண்டாம்," என்று சொல்லிக்கொண்டே, படுத்திருப்பவர் காதில் ஹெட்போனை மாட்டுகிறார் அசையாதண்ணன். "உள்ள போனா மிஷினே தகரம் தட்டும். அதுக்கு மேல மணியும் அடிச்சா கல்யாண வீட்ல சண்டை வந்த மாதிரி இருக்கும். வேற ஒண்ணு போடறேன். வாத்தியமே கிடையாது, வெறும் குரல்தான். மூச்சு தானா அடங்கிரும்."

படுத்திருப்பவர் சரி என்று தலையாட்டுகிறார்.

"தலையை ஆட்டாதீங்க."

ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், குழாய் மாதிரி இருக்கும் ஸ்கேன் மிஷினுக்குள் ஆளை அனுப்பிப் படம் எடுப்பது இவர் வேலை. பத்தொன்பது வருஷமாக. ஒரு நாளைக்கு முந்நூறு தடவையாவது 'அசையாதீங்க' என்பார். அதனால் ஆஸ்பத்திரி முழுக்க அசையாதண்ணன். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடு இருக்கிறது.

மற்ற மாதங்களில் கேட்ட பாட்டைப் போட்டுவிட்டுப் போய்விடுவார். டிசம்பரில்தான் வம்பு. முதல் தேதியிலிருந்து எல்லாருக்கும் கிறிஸ்துமஸ் பாட்டுதான் வேண்டும், சாமியே கும்பிடாதவர்கள் உட்பட. இவர் ஆளைப் பார்த்து, மருந்துச் சீட்டு எழுதுகிற மாதிரி பாட்டு சொல்வார். முழங்கால் படத்துக்குக் கொட்டு வைத்த பாட்டு கூடாது. கட்டைவிரல் தாளம் போடும், படம் கலங்கிப்போகும். தாலாட்டு மாதிரி இழுத்தால் குறட்டை. தொழுவத்தில் குழந்தை பிறக்கிற பாட்டைப் பிள்ளை பெற்றவர்களுக்குப் போடவே மாட்டார். "அழுதா நெஞ்சு குலுங்கும். அப்புறம் முதல்லேருந்து எடுக்கணும். நல்ல பாட்டுதான், படுத்துக்கிட்டு கேக்கற பாட்டு இல்ல." பனி கொட்டுகிற பாட்டு வேண்டும் என்றால், "ஏசி ஏற்கெனவே பதினெட்டுல ஓடுது," என்பதோடு சரி.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பதால், எல்லாருடைய கெட்ட செய்தியும் முதலில் இவருக்குத்தான் வருகிறது. அதை வெளியே சொல்லக் கூடாது. சொன்னதும் இல்லை. முகத்துக்கு ஒரு பூட்டைப் போட்டுக்கொண்டு உள்ளே போய், "படம் நல்லா வந்திருக்கு. மத்தது டாக்டர் சொல்வார்," என்பார். ஒன்றுமில்லாத மண்டைக்கும் இதே வாக்கியம், ஆறு மாதம் தாங்காத மண்டைக்கும் இதே வாக்கியம். அந்த முகத்தைப் படித்துக் காட்டுகிறேன் என்று பந்தயம் கட்டிய நர்சுகள் எல்லாரும் தோற்றார்கள்.

தரை துடைக்கிற அக்காவுக்கு மட்டும் இவருடைய பாட்டு ஞானத்தின் மேல் துளி மரியாதை கிடையாது.

"பண்டிகைன்னா மணி அடிக்கணும் தம்பி. நீ போடறதெல்லாம் சாவு வீட்ல போடற மாதிரி இருக்கு."

"நீங்க ஒரு நாள் உள்ள படுத்துப் பாருங்கக்கா. அப்புறம் பேசுங்க."

பதினோரு டிசம்பராக இதே சண்டை.

இந்த டிசம்பரில் அக்கா படுத்தே விட்டாள். இரண்டு மாதமாகத் தலைவலி. இடது கையில் பிடித்த டம்ளர் தானாக நழுவுகிறது. இருபத்திரண்டாம் தேதி மதியம், இரண்டு நோயாளிகளுக்கு நடுவே அரை மணி நேரம் கிடைத்தது. கொண்டை ஊசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"டாக்டர் லீவு முடிஞ்சு இருபத்தெட்டாந் தேதிதான் வர்றாராம். எம் மக நாளைக்கு வர்றா, பேரனைத் தூக்கிக்கிட்டு. அவன் மொகத்தை நான் இன்னும் பாத்ததில்ல. இருபத்தேழு கிளம்பிருவாங்க. அதுவரைக்கும் எனக்கு ஒண்ணும் தெரிய வேண்டாம். நல்லதுன்னாலும் மூஞ்சில காட்டாத, கெட்டதுன்னாலும் காட்டாத. உன்னை நம்பித்தான் படுக்கறேன்."

"என் மூஞ்சில என்னிக்கு என்ன தெரிஞ்சிருக்கு? கட்டினவளே இன்னும் தேடிக்கிட்டு இருக்கா."

அக்கா சிரித்தாள். "மணிப் பாட்டு போடு."

ஒரு வார்த்தை வாதாடாமல் போட்டார்.

பதினோரு வருஷம் அந்த வாசலில் நின்று 'அசையாதீங்க' கேட்டுத் தேறியவள். கல் மாதிரிக் கிடந்தாள். திரையில் அவள் தலை துண்டு துண்டாக வந்தது. பதினான்காவது துண்டில், வலது பக்கம், எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு வெள்ளை. அடுத்த துண்டிலும் இருந்தது. அதற்கடுத்ததிலும். அந்த மாதத்திலேயே அவ்வளவு தெளிவான படம் வேறு யாருக்கும் வரவில்லை.

பூட்டைப் போட்டுக்கொண்டு உள்ளே போனார்.

"மணியே கேக்கல தம்பி," என்று எழுந்து உட்கார்ந்தாள் அக்கா. "உன் தகர மிஷின்தான் கேட்டுச்சு. நீ சொன்னதுதான் சரி, வெச்சுக்கோ."

"படம் நல்லா வந்திருக்கு. மத்தது டாக்டர் சொல்வார்." குரலில் நூலளவு பிசகு இல்லை.

அக்கா அவர் முகத்தை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை. நிம்மதியாக இறங்கி, அடுத்த ஆள் வருவதற்குள் தரையைத் துடைத்துவிடலாம் என்று பிளாஸ்டிக் வாளியைக் காலால் தள்ளிக்கொண்டு, சுவரில் சாய்த்திருந்த மாப்பை எடுக்கத் திரும்பினாள். அது அங்கே இல்லை.

அவர் கையில் இருந்தது. எப்போது எடுத்தார் என்று அவருக்கே தெரியாது. பத்தொன்பது வருஷத்தில் ஒரு தடவை தொட்டதில்லை. பிடிக்கத் தெரியாமல் பிடித்து, மூலையிலிருந்து துடைக்க ஆரம்பித்திருந்தார்.

நிமிர்ந்தபோது அக்கா அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். நிறுத்தினால் இன்னும் மோசமாகிவிடும் என்று தோன்றியதோ என்னவோ, தலையைக் குனிந்துகொண்டு துடைத்துக்கொண்டே போனார். நோயாளிகள் செருப்பு கழற்றுகிற நாற்காலியில் அவள் மெல்ல உட்கார்ந்தாள். மாப்பு தன் பக்கம் வந்ததும், அடியில் துடைக்க வசதியாக, இரண்டு கால்களையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டாள்.